கல்யாணப் பத்திரிகையை வெட்டின கை

"இது இன்னா?"

பால்வாடி வாசற்படியில் நின்றுகொண்டு அந்த அம்மாள் என் மூக்குக்கு நேராக ஒரு காகிதக் கிளியைத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளைகள் முட்டையும் சாதமும் தின்றுவிட்டு அப்போதுதான் பாயில் சாய்ந்திருந்தன. என் கையில் இன்னும் சாதம் பிசைந்த ஈரம் இருந்தது.

"கிளி," என்றேன். வேறென்ன சொல்வது?

"கிளின்னு எனக்குத் தெரியாதா? றெக்கையில இன்னா எய்தி கீதுன்னு படி."

படித்தேன். தங்க எழுத்தில் 'திருநிறைச்செல்வி பவானி' என்று இருந்தது. அவள் இன்னொரு கையை நீட்டினாள். அதிலும் ஒரு கிளி. அதன் இறக்கையில் 'திருவளர்ச்செல்வன் பிரகாஷ்'.

"இவ பேரு ஒரு கிளியில. எம் புள்ள பேரு இன்னொரு கிளியில. நடுவுல கத்திரி போட்டு வெட்டினது யாரு?"

"நான்தான்."

"கேட்டுக்கினீங்களா? அவ வாயாலயே ஒத்துக்கினா!"

அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் கொலைக் கேஸில் துப்புக் கிடைத்த போலீஸ்காரர்கள் மாதிரி தலையை ஆட்டினார்கள். அப்புறம்தான் விளங்கியது. என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட வந்திருக்கிறார்கள்.

வந்தவள் பவானியின் மாமியார். வாலாஜாபாத்காரி. பவானி என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் கன்னியம்மாவின் மூத்த மகள். என்னை அத்தை என்று கூப்பிடுகிற பெண். கல்யாணமாகி ஏழு மாதத்தில் ஒரு பையோடு தனியாகப் பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வந்ததற்குக் காரணம் என் கத்திரிக்கோல். வழக்கு அவ்வளவுதான்.

மஞ்சள் தடவின அட்டை

போன வாரம் இந்தப் பத்தியில் ஏரிக்கரையில் குன்றிமணி பொறுக்கினதை எழுதியிருந்தேன். "டீச்சர், உங்களுக்கு இன்னும் என்னென்ன பைத்தியம் உண்டு?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தாயே, இருக்கிற பைத்தியத்திலேயே பெரிய பைத்தியத்தை இன்றைக்குத்தான் சொல்லப்போகிறேன். நான் கல்யாணப் பத்திரிகை சேர்க்கிறவள்.

பால்வாடிக்கு விளையாட்டுச் சாமான் என்று வருவது கொஞ்சம். வருவதும் ஒரு மாதத்தில் உடைந்துவிடும். பிள்ளைகளுக்கு நிறம் காட்ட வேண்டும், வடிவம் காட்ட வேண்டும், கொத்தாக எதையாவது தொங்கவிட்டு எண்ணச் சொல்ல வேண்டும். கடையில் விற்கிற கலர் அட்டை நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு வாரத்தில் சுருண்டுபோகும். கல்யாணப் பத்திரிகை சுருளாது. மனுஷன் வாழ்க்கையிலேயே நல்ல அட்டை வாங்குவது அந்த ஒரு தடவைதான்.

அதைக் கையில் வாங்கும்போதே எனக்கு உள்ளங்கை குறுகுறுக்கும். விரலால் நீவிப் பார்த்தால் போதும், ஆடம்பரக் கல்யாணமா அடக்கமான கல்யாணமா என்று சொல்லிவிடுவேன். சில அட்டை முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று மடியும். சிலதில் வெல்வெட் ஒட்டியிருக்கும். சிலதில் பட்டுக் குஞ்சம் தொங்கும். குஞ்சம் வைத்த பத்திரிகை வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டாம். எல்லாவற்றிலும் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். மையும் மஞ்சளும் கலந்த அந்த வாசனை வேறெந்தக் காகிதத்துக்கும் கிடையாது.

தை, வைகாசி, ஆவணி மூன்றும் எனக்கு அறுப்புக் காலம். ஆடி வந்தால் கை காய்ந்துவிடும். இப்போது சிலர் போனிலேயே பத்திரிகை அனுப்பிவிட்டு, 'இதையே நேரில் அழைத்ததாக நினைத்துக்கொள்ளவும்' என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை நான் எப்படி வெட்டுவது?

வீடு வீடாகப் போலியோ சொட்டு மருந்துக்குப் போகும்போது என் கண் பிள்ளையின் வாயில் ஒரு தடவை, பரணில் ஒரு தடவை. கரண்ட் மீட்டருக்குப் பின்னால், டிவிக்கு அடியில், சாமி படத்துக்கு முதுகுப் பக்கம் என்று பத்திரிகை எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். மஞ்சள் தடவினதை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். எரிக்கவும் மனசு வராது. வைத்திருந்தால் கரையான். நான் கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிடும்.

"எத்துக்கினு போ டீச்சரே. தூக்கிப் போட்டா பாவம். நீயின்னா கொயந்தைங்களுக்குத்தான பண்ற."

இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தூக்கிப் போட்டால் வருகிற பாவத்தை ஊர் மொத்தமும் என் துணிப்பையில் கொட்டியது. பின்னால் அதே பாவத்துக்குத்தான் என்னைக் கோயில் வாசலில் நிற்க வைத்தது.

என் வீட்டுக்காரர் ஏழுமலை நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர், அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான்: "அவனவன் பொண்டாட்டி நகை சேக்கறா. எம் பொண்டாட்டி அடுத்தவன் கல்யாணத்த சேக்கறா."

பாய் கடை மூட்டை

உத்திரமேரூர் பஜாரில் ரஹீம் பாய்க்கு ஒரு அச்சகம். சின்ன இடம்தான். பின்கட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு கட்டிங் மெஷின் நிற்கிறது. அச்சடித்த அட்டைகளை அடுக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் ஒரே வெட்டில் ஓரம் கழன்று விழும். அந்த ஓரங்களை எனக்காக ஒரு கோணியில் போட்டுவைப்பார். பச்சை, மெரூன், சந்தனம், மயில்கழுத்து நிறத்தில் எல்லாம் நீள நீளக் கீற்றுகள். பாய் வீட்டுப் பெண் நிக்காவுக்கு அடித்த பச்சை இருக்கிறதே, அந்த மாதிரிப் பச்சையை நான் நாற்றங்காலில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் பால்வாடிக் கிளிகளுக்கெல்லாம் வால் அந்தப் பச்சையில்தான்.

மாதம் ஒரு தடவை அந்தக் கோணியை அவிழ்த்து என் வீட்டு நடையில் கொட்டுவேன். நிறம் நிறமாகப் பிரித்து ரப்பர் பேண்டு போடுவேன். செய்து முடித்த சாமானைவிட எனக்கு இந்தப் பிரிக்கிற வேலைதான் பிடிக்கும். இன்னும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் ஆகலாம் என்று அந்தக் குவியல் என் முன்னால் கிடக்கும்.

எனக்கு ஒரு சட்டம் உண்டு. பத்திரிகையில் இருக்கிற பிள்ளையாரை முதலில் நகவெட்டிக் கத்திரியால் சுற்றி எடுத்துவிடுவேன். அவர்மேல் கத்திரி குறுக்கே போகக் கூடாது. எடுத்த பிள்ளையார்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்து, சதுர்த்தி முடிந்து களிமண் பிள்ளையாரை ஏரியில் விடும்போது அவரோடு சேர்த்து அனுப்பிவிடுவேன். பெயர் இருக்கிற உள்தாளையும் நான் எடுப்பதில்லை. வெளி அட்டை மட்டும்தான். இதையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மனசுக்கு அப்படிப் பட்டது, செய்தேன்.

பவானி விஷயத்தில் மட்டும் அந்தச் சட்டத்தை நானே மீறினேன். ஆசையால் மீறினேன்.

அவள் கல்யாணத்துக்கு நான் என்ன கொடுப்பது? ஊரே எவர்சில்வர் அடுக்கும் சுவர்க் கடிகாரமும் கொடுக்கும். நான் அவள் பத்திரிகையையே வாங்கிக் கிளித் தோரணம் கட்டினேன். பதினோரு கிளி. நடுவில் இரண்டு கிளி மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி. ஒன்றில் அவள் பெயர், ஒன்றில் மாப்பிள்ளை பெயர். இரண்டு பெயருக்கும் நடுவில் கத்திரி வைத்தபோது ஒரு நொடி கை நின்றது, நிஜம். அப்புறம், 'எதிரெதிரே பார்த்துக்கொண்டு தொங்கப்போகிறார்கள், இதிலென்ன?' என்று வெட்டிவிட்டேன்.

அந்தத் தோரணம் வாலாஜாபாத் வீட்டு ஹாலில் ஏழு மாதம் தொங்கியது. வந்தவன் போனவனுக்கெல்லாம் அந்த மாமியார் காட்டினாள். "மருமவ ஊரு டீச்சர் பண்ணது, எம்மா நேக்கா கீது பாரு!" என்று எனக்கே போன் பண்ணிச் சொன்னாள். அப்போது அது கிளி. மகன் கை நீட்டி, மருமகள் வீட்டை விட்டுப் போனதும் அது செய்வினை!

இடது காது

பவானி வந்த மறுநாள் காலை தெருக்குழாயில் அவளைப் பார்த்தேன். குடத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் பின்னாலிருந்து, "பவானி," என்றேன். திரும்பவில்லை. கோபமோ, வெட்கமோ என்று நினைத்து இன்னும் கிட்டே போய், "ஏண்டி பவானி," என்றேன். அப்போதும் இல்லை. வலப்பக்கம் சுற்றி வந்து நின்றதும் திடுக்கிட்டு, "அத்தே, எப்ப வந்த?" என்றாள்.

பால்வாடியில் முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறவள் நான். காது கேட்காத பிள்ளை எப்படித் திரும்பும், எப்படித் திரும்பாது என்று எனக்குத் தெரியும்.

"எந்தக் காது?"

அவள் குடத்தைப் பார்த்தபடி இடது காதைத் தொட்டாள். "கொய்யினு இரைஞ்சுக்கினே கீது அத்தே. அம்மாக்கிட்ட சொல்லாத."

"அடிச்சானா?"

"சோறு ஆறிப்போச்சாம்."

நானே அவளைக் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது, தானாக ஆறுகிறதா பார்ப்போம், இன்னொரு அடி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவர் ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குப் பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

அவள் யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் பண்ணின தப்பு. கத்திரி போட்டது இல்லை.

ஒட்டிக் கொடு

வாலாஜாபாத் அம்மாள் யாரிடமோ குறி கேட்டிருக்கிறாள். 'காகிதத்தில் பிரிவு இருக்கிறது' என்று வந்ததாம். அதற்குப் பரிகாரமும் வந்ததாம். வெட்டின கையே இரண்டு பெயரையும் சேர்த்து ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை, கெங்கையம்மன் கோயில் வாசலில், பெரியவர்கள் முன்னால் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டு நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த ஒட்டின காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பவானி அவர்களோடு அன்றைக்கே பஸ் ஏற வேண்டும்.

எங்கள் ஊர்ப் பழைய பிரசிடெண்டு இதை ஏற்றுக்கொண்டார். பதவி போய் எத்தனையோ வருஷமாகியும் அவர் பிரசிடெண்டுதான். "சுலுவா முடியற விஷயம் டீச்சர். பசதான? இல்லன்னா அவங்க உங்க ஆபீசுக்கு மனு போடுவாங்களாம். உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார்.

உத்திரமேரூர் கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று வரிவரியாகச் செதுக்கிவைத்திருக்கிறான். குடவோலை, குடவோலை என்று பஸ் பஸ்ஸாக வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சபையில் உட்காருகிறவனுக்கு அத்தனை தகுதி பார்த்த மண்ணில், ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுகிறவனுக்கு என்ன தகுதி என்று ஒருத்தன் கேட்கவில்லை. கத்திரி பிடிக்கிறவளுக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்கிறான்!

ரஹீம் பாயிடம் போய்ப் புலம்பினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பேரு தப்பா வுழுந்து, தேதி தப்பா வுழுந்து, நான் இந்த மெஷின்ல எத்தினி ஆயிரம் பத்திரிகைய ரெண்டா வெட்டி வேஸ்ட்ல போட்டிருப்பேன்? அத்தினி கல்யாணமும் புட்டுக்கிச்சா? அப்பிடின்னா இந்த ஜில்லாவுல ஒரு புருசன் பொண்டாட்டி மிஞ்சியிருக்க மாட்டாங்களே டீச்சரம்மா."

சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் வாசலில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டிடு டீச்சரே. ரெண்டு சொட்டுப் பச. சின்னவள கேட்டு செய்யாறு பக்கத்துல இருந்து வர்றேன்னு கீறாங்க. மூத்தவ வாயாவெட்டியா வூட்டோட கீறான்னு தெரிஞ்சா வருவாங்களா? ஒட்டிடு. உன் கால்ல வுழுறேன்."

அவள் மெய்யாகவே குனிந்துவிட்டாள். நான் தூக்கி நிறுத்தினேன். "மகளைக் கேட்டியா?" என்றேன். "அவள இன்னாத்த கேக்கறது, அவ வாயே தொறக்கல," என்று அழுதாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வந்துவிட்டு மறைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் பசை காய்ச்சினேன். மைதாவைக் கரைத்து, அடி பிடிக்காமல் கிண்டி, கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்கினேன். பாய் கடையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். பிள்ளைகள் வாயில் வைக்கும் என்பதால் நான் போடுவதில்லை. என் பசை இரண்டு நாளைக்குமேல் தாங்காது. ஏழுமலை பல் விளக்கிக்கொண்டே அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போறியா?" என்றார். நான் பசையைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டேன்.

கோயில் வாசல்

வேப்பமரத்தடி மேடையில் பிரசிடெண்டும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, கற்பூரம், அந்த இரண்டு கிளி. பிரகாஷ் சுவரில் சாய்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நல்ல வெள்ளைச் சட்டை. ஒரு தடவைகூட நிமிர்ந்து பவானியைப் பார்க்கவில்லை. பவானி தன் அம்மா பக்கத்தில் நின்றாள். காலடியில் அதே பை, திரும்பக் கட்டி வைத்திருந்தது.

கிளிகளின் இறக்கையைப் பிரித்துத் தட்டையாக்கினேன். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் வெட்டு அவ்வளவு நேர். பொருந்திக்கொண்டது. ஆள்காட்டி விரலைப் பசையில் விட்டேன்.

"அம்மா பவானி, இப்பிடி வந்து புருசன் பக்கத்துல நில்லு," என்றார் பிரசிடெண்டு.

அவர் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடப்பக்கம். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அசையவில்லை.

"தே, பவானி! உன்னத்தாம்மா."

அசையவில்லை.

"பாத்துக்குங்க, பாத்துக்குங்க!" என்று மாமியார் கையை விரித்தாள். "பெரியவங்க ரெண்டு தபா கூப்புட்டா திரும்பறாளா? இந்தத் திமிரத்தான் எம் புள்ள ஏயு மாசம் பொறுத்துக்கினான்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! தூக்கைக் கீழே வைத்தேனா, போட்டேனா தெரியாது.

"அந்தக் காது கேக்காது!" என்று கத்தினேன். கோயில் மணியில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துவிட்டது. "சோறு ஆறிப்போச்சுன்னு உன் புள்ள அடிச்ச அடியில செவிப்பற கிழிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டு என் பையில கீது. படிக்கத் தெரிஞ்சவங்க வாங்கிப் படிங்க!"

அப்போதுதான் பிரகாஷ் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

கன்னியம்மா மகளின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "மெய்யாடி?" என்றாள். பவானி அம்மாவின் வாயைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஒரு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் மகள் தன் வாயையும் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள் என்பது பெற்றவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

பிரசிடெண்டு தொண்டையைக் கனைத்தார். "சரி சரி. குடும்பம்னா ஒரு அடி கூட கொறைய இருக்கும். இனிமே பாத்து நடந்துக்குவான். நீ ஒட்டற வேலையப் பாரும்மா."

"பெரியவரே, இந்தப் பசைக்குக் காகிதந்தான் ஒட்டும். காது ஒட்டாது," என்றேன். விரலில் இருந்த பசையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டேன்.

பவானி விறுவிறுவென்று வீட்டைப் பார்க்க நடந்தாள். ஓடுகிறாள் என்று மாமியார் கூவினாள். கோயிலுக்கும் அவள் வீட்டுக்கும் நாலு வீடுதான். போன வேகத்தில் திரும்பி வந்தாள். இடுப்பில் ஒரு காகிதக் கட்டு இருந்தது.

எந்தக் கல்யாண வீட்டிலும் மிஞ்சுகிற கட்டு அது. எத்தனை பேரை அழைத்தாலும் ஒரு நூறு பத்திரிகை மீந்துவிடும். சணல் கயிறு போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கட்டைக் கொண்டுவந்து மேடையின் கீழே தொப்பென்று போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தே, கத்திரி கீதா?"

என் பையில் கத்திரி இல்லாத நாள் உண்டா? எடுத்துக் கொடுத்தேன். கட்டிலிருந்து ஒன்றை உருவி, உள்தாளைப் பிரித்து, இரண்டு பெயருக்கும் நடுவில் வைத்து 'சரக்'கென்று வெட்டினாள். அடுத்ததை எடுத்தாள்.

"ஐயோ, வெட்றாளே! யாராச்சும் புடிங்களேன்!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள்.

பவானி கத்திரியை நிறுத்தாமலே பிரகாஷை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் பேசியது இந்த ஒன்றுதான்:

"ஒரு கிளிய வெட்டினதாலதான் நீ என் காத கிழிச்சியாமே? இந்தா, நூறு கீது. இப்ப கைய நீட்டு, பாக்கலாம்."

அவன் நீட்டவில்லை. பிரகாஷ் அம்மாவின் முழங்கையைப் பிடித்து, "வா போலாம்," என்றான். தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றாமலே கிடந்தது.

நான் கன்னியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் கையைப் பிடித்து நிறுத்துவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மகளின் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். கட்டிலிருந்து கையளவு பத்திரிகையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

"புள்ளையார தனியா எட்த்து வையிடி," என்றாள் காதருகில். "அவரு மேல கத்திரி படக்கூடாது."

நாலு பக்கமும்

அன்று சாயந்தரம் பால்வாடியில் நாங்கள் மூன்று பேரும் கிளி ஒட்டினோம். கெட்டுப்போகிற பசை, வீணாக்க மனசு வரவில்லை. அந்த மாதிரி அட்டையை வேறெந்தக் கல்யாணத்திலும் நான் தொட்டதில்லை. கன்னியம்மா மகளுக்குக் குறைவில்லாமல் வாங்கியிருக்கிறாள். பிள்ளைகள் இன்றைக்கும் அந்தக் கிளிகளைப் பார்த்துத்தான் ஒன்று, இரண்டு எண்ணுகின்றன. ஆபீசுக்கு மனு ஒன்றும் வரவில்லை. செய்யாறு சம்பந்தம் வந்தது, கேட்டது, நல்லபடியாக முடிந்தது. ஒரு குடியும் முழுகவில்லை.

பவானியை நான் ரஹீம் பாயிடம் கொண்டுபோய் விட்டேன். முதலில் அட்டை மடித்தாள், அப்புறம் பிழை பார்த்தாள். ஒரு வருஷமாகக் கட்டிங் மெஷின் அவள் கையில்தான் இருக்கிறது. மெஷின் சத்தம் இடது காதில் விழுவதில்லை, அது ஒரு சௌகரியம் என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

போன மாதம் பழைய பிரசிடெண்டு என் வீட்டுப் படி ஏறினார். பேத்திக்குக் கல்யாணம். தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே பத்திரிகை. மெரூன் அட்டை, குஞ்சம் வைத்தது, நாலு மூலையிலும் மஞ்சள். இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாங்கினேன். பழக்கம், விரலால் ஓரத்தை நீவினேன். பிசிறே இல்லாத வெட்டு. யார் கை என்று எனக்குத் தெரியாதா?

"டீச்சர்," என்று குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனச்சுக்காத. பொண்ணு நல்லா வாயணும். இத மட்டும் வெட்டிடாதம்மா."

"அது ஏற்கெனவே வெட்டினதுதான் பெரியவரே," என்றேன். "நாலு பக்கமும் நம்ம பவானிதான் வெட்டியிருக்கா."